நான்கு மீட்டருக்கு மேல் ஏழு சென்டிமீட்டர்

லாரி அலுவலகத்தில் அவளை எல்லோரும் அளவுக்காரம்மா என்றே அழைத்தார்கள். சாலைக்கு மீறிய அகலம், அளவுக்கு மீறிய பாரம் எதுவானாலும் அதற்குச் சாலைத்துறையிடம் அனுமதி வாங்கித் தருவது அவள் வேலை. தொழிற்சாலை தரும் வரைபடத்தை அவள் நம்பியதில்லை. டேப்பும் கையுமாகச் சுமையின்மேல் ஏறி இறங்கி, தானே அளந்த அளவையே விண்ணப்பத்தில் எழுதுவாள். பதினெட்டு ஆண்டுகளில் ஒரே ஒருமுறை அந்த வழக்கம் தவறியது. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அலைந்த வாரம் அது. ஒரு கொதிகலனின் அகலத்தை வரைபடத்தைப் பார்த்தே எழுதிவிட்டாள்.

அந்தக் கொதிகலன் புறப்படவிருந்த புதன்கிழமை காலை, மனம் கேளாமல் டேப்பை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனாள். டிரெய்லரை ஓட்டவேண்டியவர் அவள் கணவர். பக்கவாட்டில் பிற்பாடு பற்றவைத்திருந்த தாங்கியையும் சேர்த்தால் அகலம் நான்கு மீட்டர் ஏழு சென்டிமீட்டர் வந்தது. அனுமதியோ நான்கு மீட்டருக்கு. வழியிலிருந்த பழைய பாலத்தில் அதற்குமேல் விடமாட்டார்கள்.

"ஏழு சென்டிமீட்டருக்கு எவன் டேப்போட நிக்கப்போறான்?" என்றார் கணவர். "இன்னிக்குக் கிளம்பினாத்தான் ஞாயித்துக்கிழமை வீடு திரும்ப முடியும். திங்கட்கிழமை பிள்ளைய ஹாஸ்டல்ல விடணும், மறந்துட்டியா?"

"மறக்கல. பாலத்துல இடிச்சா யாருங்க பொறுப்பு? தப்பு என்னோடது. வண்டிய எடுக்காதீங்க."

"கட்டினவனுக்கே சிவப்புக்கொடி காட்டுற ஒரே பொம்பள நீதான்" என்று சாவியை அவள் கையில் போட்டவர், அன்று முழுவதும் ஒரு வாய்த் தேநீர்கூடக் கேட்டு வாங்கவில்லை.

பாலத்தைத் தவிர்த்தால் சுற்றுவழிகள் இரண்டு. சுருக்கமானதில் மின்கம்பிகள் தாழ்ந்து தொங்கின. மற்றது பதினொரு கிலோமீட்டர் அதிகம். புது விண்ணப்பத்தில் அவள் நீண்டதை எழுதினாள்.

"எதுக்கும்மா இவ்வளவு சுத்து?" என்றார் சாலைத்துறை அதிகாரி.

கம்பியின் உயரத்தைச் சொன்னாள். அது உண்மை. அந்த நீண்ட வழி மகளின் கல்லூரி வாசலை ஒட்டிப் போகிறது என்பதும் உண்மை. அதை அவர் கேட்கவில்லை.

புது அனுமதி திங்கட்கிழமையிலிருந்து செல்லுபடியானது. கணவர் வழித்தடத்தை விரல் வைத்துப் படித்தார்; கல்லூரி வீதியில் விரல் நின்றது. ஸ்டியரிங் பிடிக்கும் நாளில் ஒருபோதும் போடாத வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் புறப்பட்டார். தாயும் மகளும் பேருந்தில் போய், அறையில் பெட்டியை வைத்துவிட்டு, மூன்று மணிக்கு வாசலில் வந்து நின்றார்கள்.

ஊருக்குள் நடைவேகத்தைத் தாண்டக்கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. வீதியை அடைத்துக்கொண்டு கொதிகலன் ஊர்ந்து வந்தது. மகள் ஓடிப்போய் ஓட்டுநர் கதவோரம் கூடவே நடந்தாள்.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். கட்டில் ஜன்னலோரமா? ஃபேன் ஓடுதா?"

"ஓடுது, ஆனா கிறீச்சிடுது."

"எண்ணெய் விடச் சொல்லு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அழுவுறியா என்ன?"

"நீங்கதான் அழுறீங்க. ரோட்டைப் பாருங்கப்பா."

வீதிமுனை வரை எட்டு நிமிடம் இப்படியே பேச்சு. பின்னாலேயே வந்த தாய் கண்ணைத் துடைத்தவாறு உரக்கக் கூவினாள்: "ஏய், தள்ளி நட! ரெண்டு மீட்டர் இடைவெளி வேணும்!"

"அம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் கணவர். "தள்ளி நடடா கண்ணு."