வாசல் தண்ணீரும் வேன் பிரேக்கும்

என் கையெழுத்தைப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்று பக்கத்தில் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்வேன். யாரும் இல்லாவிட்டால் துணிந்து ஒன்றைப் போட்டுவிடுவேன்.

எங்கள் வேன் பழையது. மகள் பாவாடை சட்டை போட்ட காலத்தில் வாங்கியது. அவள் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, காட்டூரில் புகுந்த வீட்டில் வளைகாப்பு வைத்தார்கள். அது முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்து வர வேண்டும். அந்த வாரம் பார்த்து பிரேக் மெத்தென்று ஆகிவிட்டது. மிதித்தால் தலையணையை மிதித்ததுபோல் உள்ளே போகும். விட்டு விட்டு இன்னொரு தரம் மிதித்தால்தான் பிடிக்கும்.

வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"புள்ளத்தாச்சிய வாடகை வண்டியிலயா கூட்டியார்றது? உன் வீட்டுக்காரரை நல்லா யோசிக்கச் சொல்லு" என்றார் என் மாமியார், என் மனைவியிடம்.

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மாமியாரும் நானும் நேருக்கு நேர் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, கூச்சம்தான். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு நடுவே என் மனைவிதான் தபால்காரி.

தென்னூர் மெக்கானிக் வந்து ஆயில் ஊற்றி, குழாயில் இருந்த காற்றையும் எடுத்துவிட்டார். அன்றைக்கு நன்றாக இருந்தது. மறுநாள் ஆயில் இறங்கி, பெடல் பழையபடி மெத்து மெத்து.

"எங்கயோ கசியுதுண்ணே. சாயங்காலம் நல்லா மிதிச்சு விட்டுட்டு, காலையில எந்தச் சக்கரம் நனைஞ்சிருக்குன்னு பாருங்க" என்றார்.

காலையில் பார்த்தேன். நாலு சக்கரமும் நனைந்திருந்தன.

வேன் நிற்பது வாசலில். மாமியார் விடியும் முன்னே எழுந்து வாசல் தெளிப்பார். கோலத்துக்குப் பக்கத்தில் அழுக்குச் சக்கரம் நிற்பது அவருக்குப் பிடிக்காது. ஆளுக்கு ஒரு சொம்பு என்று நாலு சக்கரத்துக்கும் ஊற்றித் துணியால் துடைத்தும் விடுவார். கசிந்த தடம் இருந்தாலும் அதோடு போய்விடும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் போய்ச் சொன்னாள். அடுப்படியிலிருந்து எனக்கே கேட்கும்படி பதில் வந்தது.

"பொண்ணு வர்ற நேரத்துல வாசல் தெளிக்காம போடச் சொல்றாரா? நல்லா இருக்குடி! வண்டிய எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொல்லு. இதுக்குப் போய் இத்தனை நாளா முழிச்சுக்கிட்டிருக்காரு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. மனைவி என்னைப் பார்த்துப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வேனை எதிர்ச் சுவர் ஓரம் நிறுத்தி, பெடலைக் கால் வலிக்க மிதித்துவிட்டுப் படுத்தேன். காலையில் கதவைத் திறந்தால், மாமியார் வாசல் தெளித்து முடித்து, மிச்சத் தண்ணீரோடு வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பழக்க தோஷம்.

"அத்தை! ஊத்தாதீங்க!"

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பால்காரர் வண்டியை நிறுத்தினார். மாமியார் வாளியைக் கீழே வைத்தார்.

"ஏய், இங்க வாடி" என்று என் மனைவியைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளைக்குக் குரல் இருக்குடி!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சக்கரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவரும் குனிந்தார். மூன்று சக்கரங்கள் காய்ந்து கிடந்தன. இடப்பக்கப் பின்சக்கரத்தின் உள்பக்கம் மட்டும் ஒரு கோடாக ஈரம். விரலால் தொட்டுப் பார்த்து, "வழவழங்குது. இது என் தண்ணி இல்ல" என்றார், சக்கரத்திடம்.

மெக்கானிக் வந்து டிரம்மைக் கழற்றினார். உள்ளே சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து ஆயில் வழிந்திருந்தது. புது சிலிண்டர் மாட்டிவிட்டு, காற்றெடுக்க என் மனைவியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

"மிதிங்கக்கா. அப்படியே அழுத்திப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் விட்டுராதீங்க."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அதத்தானே செய்யறேன்" என்றாள். சக்கரத்தடியில் படுத்திருந்த மெக்கானிக்குக்குச் சிரிப்பில் ஸ்பேனர் நழுவியது.

ஞாயிற்றுக்கிழமை காட்டூரிலிருந்து திரும்பினோம். மகள் பின்சீட்டில், கை நிறைய வளையலோடு, தன் அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாமியார் முன்சீட்டில், இல்லாத பிரேக்கைத் தானும் மிதித்துக்கொண்டே வந்தார். காவிரிப் பாலத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே புகுந்து நின்றது. மிதித்தேன். பாதி வழியிலேயே பெடல் கெட்டியாகக் காலைத் தாங்கியது. வேன் குலுங்காமல் நின்றது. வளையல்கள் மட்டும் லேசாகச் சத்தம் போட்டன.

மகள் கண்ணைத் திறந்து, "வீடு வந்துடுச்சாப்பா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா. தூங்கு" என்றேன்.

ஆவணி பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, பேரன் தூங்குகிற நேரத்தில் எழுதியது.