ரிவர்ஸ்டன் உச்சியில் கேட்ட குரல்

எங்களுக்குக் கல்யாணமான புதிது. நாட்டில் ராணுவத்துக்கும் போராளி இயக்கத்துக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு லீவு நாளில் நானும் என் கணவரும் மாத்தளைப் பக்கத்து ரிவர்ஸ்டன் மலையுச்சிக்கு ஏறினோம். உச்சியிலுள்ள தொலைத்தொடர்பு டவருக்கு ராணுவக் காவல் இருந்ததால் அடையாள அட்டைகளை மறக்காமல் எடுத்துக்கொண்டோம்.

உச்சியை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. "கொஞ்சம் உட்காருவோம், விலகட்டும்" என்றார் அவர். எனக்கோ ரத்தோட்டைக்குப் போகும் கடைசி பஸ் தவறிவிடுமோ என்ற பயம். "பாதை தெரியுதுங்க, வாங்க" என்று முன்னால் நடந்தேன்.

திடீரென்று சிங்களத்தில் ஒரு குரல் அதட்டியது: "நில்! அசைஞ்சா சுடுவேன்!"

கைகளைத் தூக்கியபடி நின்றுவிட்டேன். "சுடாதீங்க, நாங்க மாத்தளை ஆளுங்க!" என்று என் கணவர் பின்னாலிருந்து சிங்களத்திலேயே கத்தினார். துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் பக்கவாட்டிலிருந்து வந்தான். அந்த நேரம் காற்றடித்துப் பனி விலகியது. அவன் முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி, மெதுவா பின்னால வாங்க" என்றான்.

குனிந்து பார்த்தேன். பாதை என்று நான் நினைத்த புல்தரை என் செருப்பு நுனியோடு முடிந்திருந்தது. வெகு ஆழத்தில் மரங்களின் தலைகள் தெரிந்தன.

பின்னால் நகர்ந்து வந்து, உட்கார்ந்து அழுதேன். "உங்களாலதான் இவ பிழைச்சா" என்று என் கணவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி விளிம்புல நிக்கிறது பனியில தெரியலை அண்ணே. சத்தம் கேட்டுச்சு, இயக்கத்து ஆளுங்கன்னு நினைச்சுத்தான் கத்தினேன்" என்றான் அவன்.

இப்போதும் மலை ஏறுகிறோம். மூடுபனி இறங்கினால், பஸ் போனாலும் போகட்டும் என்று இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

— ஒரு வாசகி, நாவுல