தள்ளுபடிக்குப் பறந்தவர்

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போன விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை அவருக்கு. ஐம்பது வயதிருக்கும். காட்டூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பஸ்ஸில் குமட்டலுக்கு வைத்துக்கொள்வதுபோல் கையில் ஓர் எலுமிச்சம்பழம். விமானம் ஓடத் தொடங்கியதும் கண்களை இறுக மூடிக்கொண்டு அதை முகர்ந்தார். மறு கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

“பயமாண்ணே?”

“பிளேனே எனக்கு ஆகாது தம்பி.”

“ரயில்ல போயிருக்கலாமே?”

“இந்த விமானக் கம்பெனியோட கிஃப்ட் கார்டு, ஐயாயிரம் ரூபா கார்டு, நாலாயிரத்துக்குக் கெடச்சுது. வாங்கிட்டேன். இந்த வாரத்தோட முடியுது.”

“சென்னையில என்ன வேலை?”

“ஒரு வேலையும் இல்ல. எறங்குனதும் கிளாம்பாக்கம் போயி பஸ்ஸப் புடிச்சு ஊருக்கு வந்துடுவேன்.”

கீழே ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிகிறது என்றேன். அவர் திரும்பவேயில்லை. ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, “நீங்க டிக்கெட் எப்படி எடுத்தீங்க?” என்று கேட்டார். முழு விலைக்கு என்றேன். துக்க வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். மணிக்கட்டை விட்டுவிட்டு என் தோளைத் தடவிக் கொடுத்தார்.

சென்னையில் இறங்கியதும் நசுங்கிய பழத்தை என் கையில் வைத்தார். “எனக்கு பஸ்ஸுல இது வேணாம். நீங்க வச்சுக்கங்க தம்பி. முழு விலை கொடுத்திருக்கீங்க, தலை சுத்தும்.”

அவர் போன பிறகு டிக்கெட்டை எடுத்து விலையை மறுபடி பார்த்தேன். பழத்தை முகரத்தான் வேண்டியிருந்தது.