நனைந்த முற்றத்தில் ஒரு மேசை

உணவக மேசையில் உட்காரும் முன் தன் நாய் ஓட்டோவின் நான்கு பாதங்களையும் ஈரத்துணியால் துடைப்பது டெல்ஃபினா டொன்யெட்டியின் வழக்கம். தன் செருப்பைத் துடைக்க மாட்டாள். அது பீப்பாய்க் கிடங்கின் சேற்றோடு வெள்ளை மேசைவிரிப்புக்குக் கீழே ஒளிந்துகொள்ளும்.

சோனோமாவின் ஒயின் ஆலைகள் கழித்துப்போடும் ஓக் பீப்பாய்களை வாங்கி, பூந்தொட்டிகளாக அறுத்து விற்பவள். எழுபதைத் தாண்டியவள். ஓட்டோ பாசெட் வகை நாய்; நடந்தால் காது தரையைக் கூட்டும். கிடங்கில் தேங்கும் ஒயினில் தோய்ந்து அந்தக் காதுகள் திராட்சை அறுவடையிலிருந்து கிறிஸ்துமஸ்வரை ஊதாவாகவே இருக்கும். ஒரு பிரெஞ்சுக்காரர் அவற்றை மோந்து பார்த்தே எந்த வருடத்து ஒயின் என்று சொல்லிவிட்டார். அவளுடைய பழைய தோழி நான், பக்கத்தில்தான் நின்றேன்.

வியாழக்கிழமைதோறும் இருவரும் திராட்சைச் சரிவின் மேலிருக்கும் அந்த ஆடம்பர உணவகத்துக்கு வருவார்கள். நாய்களுக்கு முற்றம் மட்டுமே அனுமதி. நாற்காலியில் ஏறக் கூடாது, காகிதக் கிண்ணத்தில்தான் தின்ன வேண்டும். இருவரும் கட்டுப்பட்டவர்கள். வாத்துக்கறி வந்தால் தோல் ஓட்டோவுக்கு, சதை அவளுக்கு.

சென்ற வியாழனோடு குளிர்காலத்துக்காக முற்றத்தை மூடிவிட்டார்கள். இனி வசந்தத்தில்தான் திறப்பு. ஓட்டோவின் இதயம் அதுவரை தாங்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அன்று பார்த்து மழை. கார் ஓட்டி வந்தது நான். ஒயின் குடித்தால் அவள் வண்டியைத் தொட மாட்டாள்.

வாசலில் மேலாளர் டெஸ்மண்ட் குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஓட்டோ உங்களுக்கு உதவிக்கு இருக்கிற நாய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த மாதிரி நாயை உள்ள விடலாம், உள்ளயே மேசை போடறேன். சட்டப்படி நான் சான்றிதழ் கேக்க முடியாது."

"உதவியா? இவனா? கீழ விழுந்த முட்டைய நக்கினான். பொறந்ததுலேருந்து இவன் செஞ்ச ஒரே வேலை அதுதான்!"

"சொல்லித் தொலையேண்டி, கால் நனையுது," என்றேன் நான்.

"நீ சும்மா இரு. உனக்குப் பொய் தண்ணி பட்ட பாடு." டெஸ்மண்டிடம் திரும்பினாள். "என் தங்கச்சி ரோசாவுக்குக் கண்ணு தெரியாது. அவ நாய் நிஜமாவே வழிகாட்டற நாய். போன மாசம் ஒரு கடையில உள்ள விடல. ஏன்? இப்படிப் பொய் சொல்லிட்டு வந்த எவனோட நாயோ அங்க ஒருத்தரைக் கடிச்சு வச்சிருக்கு. நான் பதிவு பண்ணினது முற்றத்து மேசை. அதைக் குடுங்க."

"மேடம், கொட்டுது!"

"தெரியுது. எங்க ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லா இருக்கு."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீ உள்ள போ. சளி பிடிச்சா உன் மகன் என்னைத்தான் திட்டுவான்."

எனக்கு நாயும் இல்லை, கொள்கையும் இல்லை. உள்ளே போய் சூடாக சூப் கேட்டேன்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே டெஸ்மண்ட் பெரிய குடையை விரித்தார். அவள் அதை ஓட்டோ பக்கம் சாய்க்கச் சொன்னாள். நாற்காலியைத் தன் கம்பளிச் சட்டையால் துடைத்து உட்கார்ந்தாள். என்னோடு கூடத்திலிருந்த எல்லோருமே தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். சிவப்பு ஒயின் வந்தது. சுழற்றினாள், மோந்தாள், ஒரு வாய் குடித்துத் தலையாட்டினாள். காற்று மழையைச் சாய்த்து மேசைமேல் அடித்தது.

டெல்ஃபினா ரொட்டித் தட்டைக் கவிழ்த்து, ஒயின் கோப்பைக்கு மூடியாக வைத்துவிட்டு, உணவுப் பட்டியலைப் பிரித்தாள்.