ஹெலனின் படிகார நட்சத்திரங்கள்

அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்துக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் பிரிவில் ஹெலனுக்கு ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை. கலங்கல் தண்ணீரைக் குவளையில் மொண்டு, எவ்வளவு படிகாரம் போட்டால் தெளியும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொட்டகையில் தெருப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பாள். பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வருகிறவர்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை.

கிறிஸ்துமஸ் மரத்துக்கு இந்த முறை படிக நட்சத்திரம் என்று முடிவானது. கம்பியை வளைத்துக் கம்பளி நூல் சுற்றினார்கள். கொதிநீரில் படிகாரத்தைக் கரைத்து, சூடு தணிந்ததும் ஊறுகாய் பாட்டில்களில் ஊற்றி, நட்சத்திரத்தை உள்ளே தொங்கவிட்டார்கள்.

"ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி ஒரு மூலைல வைங்க. யாரும் ஆட்டக்கூடாது" என்றாள் ஹெலன்.

அடுத்த ஞாயிறு, கற்கண்டு ஒட்டியதுபோல் மின்னும் நட்சத்திரங்களோடு வந்தார்கள். மணிக்கொரு தரம் தூக்கித் தூக்கிப் பார்த்த ஜெபாவுக்குப் பொடிப்பொடியாகத்தான் கிடைத்தது. ஸ்நேகா மட்டும் காலி பாட்டிலோடு நின்றாள்.

"எங்கம்மா ஊத்திட்டாங்கக்கா."

பின்னாலேயே அவள் அம்மா செண்பகம் வந்தாள். "நாக்குல வெச்சேன், துவர்ப்பா இருந்துச்சு. படிகாரம்னு தெரிஞ்சிபோச்சு. மழைல பாத்திரம் கழுவுற டிரம்மு ஒரே சேறா இருந்துச்சும்மா, அதுல ஊத்திட்டேன். பாப்பா ரெண்டு நாளா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்குது."

"தண்ணி இன்னா ஆச்சு?"

"காலைல பாத்தா அடி தெரியுது."

ஹெலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசல் பள்ளத்திலிருந்து ஒரு பாட்டில் சேற்றுத் தண்ணீர் மொண்டுவந்து, மீதமிருந்த படிகாரத்தில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி மேசையில் வைத்தாள். அழுக்கு பஞ்சு பஞ்சாகத் திரண்டு மெல்ல இறங்கியது. பிஸ்கட்டை மறந்து எல்லோரும் மேசையைச் சூழ்ந்தார்கள்.

"அக்கா, இதான் உங்க வேலையா?" என்றாள் ஸ்நேகா.

இத்தனை வருடத்தில் வீட்டில்கூட யாரும் ஹெலனிடம் அதைக் கேட்டதில்லை. "ஆமா, இதான்" என்றாள்.

ஸ்நேகாவுக்கு அன்றே புது நட்சத்திரம் தொங்கவிட்டார்கள். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து, எந்தப் பள்ளத்துத் தண்ணீர் ரொம்ப மோசம் என்று தேடக் கிளம்பிவிட்டாள்.