அடித்த வரி

செஞ்சிக் கோட்டை மலையடியில், குளத்தைச் சுற்றிக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை வளைந்து போகிறது. ஐப்பசி மழையில் குளம் தளும்புகிறது. வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து நோட்டில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் பேனா பிடித்தவள் நான். கண்டதை எழுதாமல் இருக்க முடிவதில்லை.

எதிரே என் வயதுப் பெண் ஒருத்தி கூடையோடு வருகிறாள். பேனாவைப் பார்த்ததும் கூடையிலிருக்கும் சீத்தாப்பழங்களை முந்தானையால் மூடுகிறாள்.

"ரேஞ்சர் அனுப்புனாரா? எம்பேர எழுதிட்டீங்களா?"

"இல்லீங்க. சும்மா சுத்திப் பாக்க வந்தேன்."

எழுதியதைப் படித்துக் காட்டுகிறேன். நான்கு கொக்குகள், ஒரு மீன்கொத்தி, பிறகு சீத்தா மரங்கள் கிளை வளையக் காய்த்து நிற்கும் இடம். அவள் முகம் மாறுகிறது.

"கொக்கு இருக்கட்டும். மரத்த அடி! பழம் பொறுக்க வர்ற பக்கத்து ஊரு சிங்கவரத்துக்காரிங்களுக்கே தெரியாத எடம் அது. நாலு பேரு படிச்சிட்டு வந்தா, சந்தையில நான் இன்னாத்த விக்கிறது?"

அந்த வரியை அடிக்கிறேன். குனிந்து பார்க்கிறாள்.

"இன்னும் தெரியுது. நல்லா அடி."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. அதான் கறுப்பா அடிக்கச் சொல்றேன்."

இருவரும் சிரித்துவிடுகிறோம். தாளில் மசி ஊறிப் பின்பக்கமும் கறுத்த பிறகே ஒரு பழத்தைப் பிளந்து பாதியைத் தருகிறாள்.

"பஸ் ஏறினதும் மறுபடி எழுதிட மாட்டியே?"

வாய் நிறையப் பழத்தோடு, மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறேன். கற்கண்டாக இனிக்கிறது. அது பழுத்த இடம் மட்டும் இந்தக் குறிப்பில் இல்லை.