முழங்காலுக்கு மூன்று கொட்டேஷன்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். போல்ட் முதல் பாய்லர் வரை, மூன்று கொட்டேஷன் இல்லாமல் எதையும் வாங்கியதில்லை. ஓய்வு பெற்றதும் கம்பெனி இன்சூரன்ஸ் நின்றது. அடுத்த வருடம் என் மனைவியின் வலது முழங்கால் நின்றது. செயற்கை மூட்டு வைப்பதைத் தவிர வழியில்லை என்றார் எலும்பு மருத்துவர்.

பழக்கம் விடவில்லை. எந்த உலோகம், எத்தனை நாள் அறை, பிசியோதெரபி சேர்த்தா தனியா, ஒரு நாள் கூடினால் என்ன கட்டணம் என்று ஒரு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து மூன்று பிரதி எடுத்தேன். மனைவி கண்ணாடி போட்டு முழுவதும் படித்தாள்.

"இதுல என் பேரே இல்லையே. எந்த பம்புக்குங்க இது?"

ஓசூரில் ஒன்று, கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி ஒன்று, குருபரப்பள்ளி வழியாகக் கிருஷ்ணகிரி போய் ஒன்று என மூன்று மருத்துவமனைகளில் கேட்டேன். மூன்றிலும், நோயாளிக்கு என்ன வயது என்பதற்கு முன்னால் வந்த கேள்வி, இன்சூரன்ஸா கேஷா என்பது. எதற்கு விலை குறைவோ அது என்றேன். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னிடம் கன்னடத்திலும் பக்கத்தில் நின்றவரிடம் தெலுங்கிலும் பேசினார். இரண்டிலும் 'பேக்கேஜ்' என்ற சொல் மட்டும் மாறவில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, பொட்டலத்தைப் பிரித்தால் சாப்பாடு ஆறிவிடும் என்பதுபோல் பார்த்தார்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் மட்டும் வரிவரியாகப் பிரித்து, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். விலையும் அங்கேதான் குறைவு. ஆனால் பிசியோதெரபிக்காகப் புதுக் காலோடு தினமும் அவ்வளவு தூரம் போய்வர அவளால் முடியாது. ஓசூர் மருத்துவமனை வீட்டிலிருந்து பத்து நிமிடம். அங்கிருந்த மருத்துவர் மீது அவளுக்கு நம்பிக்கையும் இருந்தது. ஆகவே கிருஷ்ணகிரித் தாளை வைத்து ஓசூர் விலையை இறக்குவது என்று முடிவு செய்தேன்.

கொள்முதலில் ஒரு விதி உண்டு. ஒரு பாகம் வராமல் உற்பத்தி நின்றுகிடந்தாலும், விற்பவனுக்கு அது தெரியக் கூடாது. தெரிந்த நிமிடம் விலை ஏறும். அசெம்பிளி லைன் முழுக்க நின்றிருக்க, பேரிங் வியாபாரியிடம் அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசியவன் நான். அந்தத் திறமையை மருத்துவமனை வாசலில் மனைவியின் காலில் காட்டினேன். கைத்தடியை வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தடியைப் பின் சீட்டில் கிடத்திவிட்டு நடந்தாள். வீட்டில் சுவரைப் பிடிக்காமல் சமையலறைக்குக்கூடப் போகாதவள், பில்லிங் மேனேஜரின் மேசை வரை நேராக நடந்து போய் உட்கார்ந்தாள். மேலுதட்டில் வேர்வை. நான் அதைப் பார்க்காததுபோல் தாளை எடுத்தேன்.

முக்கால் மணி நேரம் நன்றாகவே போயிற்று. மூட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருப்பதை நினைவூட்டி, மூட்டு வரும் பெட்டியின் விலை ஸ்டிக்கரைப் பில்லில் ஒட்ட ஒப்புக்கொள்ள வைத்தேன். மருந்தை வெளியில் வாங்கிக்கொள்வோம் என்றேன். கடைசியாகக் கிருஷ்ணகிரித் தாளை மேசைமேல் வைத்தேன். மேனேஜர் அதைப் படிக்கவில்லை. என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா நல்லாத்தானே நடக்கறாங்க சார். அவசரமில்லன்னா ஆறு மாசம் கழிச்சு வாங்க. அப்ப ரேட் பேசிக்கலாம்."

முப்பத்தொரு வருடத்தில் எந்த விற்பனையாளனும் என்னை இப்படி மடக்கியதில்லை.  அவள்தான் பதில் சொன்னாள்.

"வாசல்ல இருந்து இந்த நாற்காலி வரைக்கும் நாப்பத்திரண்டு அடி சார். எண்ணிக்கிட்டேதான் வந்தேன். வலி தெரிஞ்சா நீங்க ரேட்ட ஏத்துவீங்கன்னு இவரு தடிய வண்டியிலயே வைக்கச் சொன்னாரு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இப்ப நானே சொல்றேன். வலிக்குது. ராத்திரி புரண்டுகூடப் படுக்க முடியல. ஆறு மாசமெல்லாம் ஆகாது. வலி என்னுது, ரேட்டு உங்களுது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க. அந்தத் தாளப் படிச்சுட்டுச் சொல்லுங்க, இல்லன்னா கிருஷ்ணகிரிக்கே போயிக்கறோம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க போயி தடிய எடுத்துட்டு வாங்க."

போனேன். திரும்பி வந்தபோது மேனேஜர் கிருஷ்ணகிரித் தாளின் மேல் பேனாவோடு குனிந்திருந்தார். அவர் எழுதித் தந்த தொகை கிருஷ்ணகிரியைவிடக் கொஞ்சம் அதிகம், முதலில் சொன்னதைவிட நிறையக் குறைவு. அவள் தலையசைத்த பிறகே நான் கையெழுத்திட்டேன். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் பில்லில் கையுறை இரண்டு முறை ஏறியிருந்தது. திருத்தாமல் கிளம்ப மாட்டேன் என்றேன். அவள் வாக்கரைப் பிடித்தபடி, திருத்தட்டும், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். திருத்தினார்கள்.

இப்போது தெருவில் யாருக்கு அறுவை சிகிச்சை என்றாலும் அந்த ஒரு பக்கத் தாளைக் கேட்டு வருகிறார்கள். பிரதி எடுத்துத் தருகிறேன். முதல் வரிக்கு மேலே அவள் பேனாவால் ஒன்று சேர்த்திருக்கிறாள்: 'ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டே போகவும்.'